பால்டின்னும் பெய்ட்ரன்னரும்

இலங்கை மலையகத்தில் இருக்கிற காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அடியில் என் தூண்டில் தடி ஒன்று கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடுபனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பாத நேரம், புழு கோர்த்து எறிந்துவிட்டுக் கரையில் நட்டிருந்த கவைக்கம்பில் தடியைச் சாத்தினேன். பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றத்தான் திரும்பினேன். பின்னால் சரக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கவைக்கம்பு மட்டும் நிற்கிறது, தடியின் அடிப்பக்கம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகிறது, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் பாய்ந்தும் கைக்கு எட்டவில்லை.

பெரிய கார்ப் மீனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மீனைக் குறை சொல்ல முடியாது. என் ரீலின் டிராக், அதாவது நூல் வெளியே ஓடுவதைத் தடுக்கிற பிடிப்பு, இறுக்கமாக இருந்தது. இரையை வாயில் எடுத்த மீன் ஓடப் பார்த்தது, நூல் போவதற்கு வழியில்லை, அதனால் தடியே போய்விட்டது. முழுக்கதையும் அதுதான்.

எனக்கு உண்மையில் வலித்தது தடி போனது இல்லை. இந்தப் பிரச்சினைக்கு எங்கள் தாத்தா ஐம்பது வருடத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்து வைத்திருந்தார், அதை நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன், அப்படியிருந்தும் மறந்துபோனேனே என்பதுதான்.

தாத்தாவிடம் தடியும் இல்லை, ரீலும் இல்லை. டின்பால் வாங்கித் தீர்ந்த தகர டப்பா ஒன்று, அதைச் சுற்றித் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நூல், நுனியில் ஈயமும் தூண்டில் முள்ளும். எறிந்த பிறகு தங்கூசியில் நாலைந்து முழம் இழுத்துக் கரையில் தளர்வாக வளையம் வளையமாகப் போட்டு, அதன் மேல் புளியங்கொட்டை அளவுக் கூழாங்கல் ஒன்றை மெதுவாக வைப்பார். காற்றுக்கும் தண்ணீர் அசைவுக்கும் நூல் போகாது, கல் பிடித்துக்கொள்ளும். மீன் இழுத்தால் கல் உருண்டுவிடும், வளையங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஓடும், கடைசியில் டப்பா கவிழ்ந்து கல்லில் டங் என்று தட்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் தாத்தா எழும்பி வருவார். அவசரமே இருக்காது. நூலைக் கையில் எடுத்து, மீனின் கனம் விரலுக்குத் தெரிந்த பிறகுதான் இறுக்குவார்.

சின்னக் கல் ஒன்று, பெரிய கை ஒன்று. பெய்ட்ரன்னர் வகை ரீல் என்பது இந்த இரண்டையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்ததுதான். கட்டாரில் வேலை செய்யும் சித்தி மகன் போன வருடம் லீவில் வரும்போது எனக்கு ஒன்று கொண்டுவந்து தந்தான். அதைக் கழற்றிப் பூட்டி, ஒரு வருடம் பாவித்த பிறகு எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கடையில் குழப்பம் வரும். பெய்ட்ரன்னர் என்பது ஷிமானோ கம்பெனி வைத்த பெயர், 1980களில் இருந்து இருக்கிறது. இதே வேலையைச் செய்கிற ரீலை ஒக்குமா பெய்ட்ஃபீடர் என்கிறது, பென் லைவ்லைனர் என்கிறது, டைவா பைட் அண்ட் ரன் என்கிறது. பொதுவாக ஃப்ரீஸ்பூல் ரீல் என்று கேட்டாலும் விளங்கும். அடையாளம் மிகச் சுலபம்: சாதாரண ஸ்பின்னிங் ரீலில் முன்பக்கம் ஒரு திருகு மட்டும் இருக்கும், இதில் அதோடு பின்பக்கம் ஒரு சின்னத் திருகும், அதற்குப் பக்கத்தில் மேலே ஒரு லீவரும் இருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண ஸ்பின்னிங் ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் நூல் உருளை, அதாவது ஸ்பூல், சுற்றுவதில்லை, அது மேலும் கீழும் மட்டும் போய்வரும். சுற்றுவது அதைச் சூழ்ந்திருக்கிற ரோட்டர் என்ற பாகமும், அதில் மாட்டியிருக்கிற பெயில் என்ற வளைந்த கம்பியும்தான், அவைதான் நூலை ஸ்பூலில் சுற்றுகின்றன. ஸ்பூல் தானாகச் சுற்றுவது ஒரே ஒரு நேரத்தில், மீன் பலமாக இழுத்து டிராக் வழுக்கும்போது. டிராக் என்பது ஸ்பூலுக்குள் அடுக்கி வைத்த வட்டத் தட்டுகள். அவற்றில் சில ஸ்பூலோடு பூட்டியவை, சில நடுத்தண்டோடு பூட்டியவை. முன் திருகை இறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று அமுக்கும், ஸ்பூல் சுற்றுவது கடினமாகும். நடுத்தண்டு சுற்றாமல் அசையாது நிற்பதால்தான் இந்தப் பிடிப்பே வேலை செய்கிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெய்ட்ரன்னரில் அந்த நடுத்தண்டையே சுற்றவிட வழி செய்திருக்கிறார்கள். தண்டின் பின்முனையில் ஒரு பூட்டு இருக்கிறது. லீவரைத் தட்டினால் பூட்டு விலகும், தண்டும் ஸ்பூலும் சேர்ந்து ஒன்றாகச் சுற்றும். முன் டிராக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இப்போது அதற்கு ஒரு வேலையும் இல்லை, ஏனென்றால் அது பிடித்துக்கொண்டிருக்கிற தண்டே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுற்றலை லேசாகத் தடுக்க மட்டும் பின்னால் ஒரு சின்ன பிரேக் இருக்கிறது. பின்திருகு அதைத்தான் கூட்டிக் குறைக்கிறது. தாத்தாவின் கூழாங்கல் அதுதான்.

மீன் ஓடத் தொடங்கியதும் கிர்ர் என்று கிளிக்கர் சத்தம் கேட்கும், டப்பா கவிழ்ந்த மாதிரி. நாம் தடியை எடுத்துக் கைப்பிடியை முன்னோக்கிச் சுற்றினால், கைப்பிடி கால் சுற்றோ அரைச் சுற்றோ வருவதற்குள் உள்ளே இருக்கிற ஒரு சின்னப் பாகம் லீவரை டக் என்று பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். தண்டு பூட்டப்படும், முன் டிராக் உயிர்பெறும். அந்த நொடியில் கல்லில் இருந்து கைக்கு வந்துவிடுகிறோம். விரலால் லீவரைத் தட்டியும் மாற்றலாம்.

"பெயில் கம்பியைத் திறந்து வைத்தால் நூல் தானே போகுமே, இதற்கு எதற்கு தனி ரீல்?" என்று மச்சான் கேட்டான். நல்ல கேள்விதான், நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பெயிலைத் திறந்தால் தடுப்பு என்று எதுவும் இல்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று தண்ணீரை வாரிக்கொண்டு வரும்போது, மீனே தேவையில்லை, காற்றே நூலை முழுக்க இழுத்துப் பரப்பிவிடும். கண்டபடி நூல் போனால் எது காற்று, எது மீன் என்று தெரியாது. முன் டிராக்கைத் தளர்த்தி வைத்தாலோ மீன் எடுத்த பிறகு அந்தப் பதற்றத்தில் சரியான அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். அந்த அளவை அந்த நேரத்தில் கையால் கண்டுபிடிக்கவே முடியாது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்த ரீலை வாங்கிய பலர் பின்திருகைச் சரியாக வைப்பதில்லை. என் கணக்கு இது: இரை இழுத்தால் நூல் போகக்கூடாது, மீன் இழுத்தால் போக வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்குள்தான் பின்திருகு நிற்க வேண்டும். அந்த இடைவெளி ஒவ்வொரு நாளும் மாறும். மண்புழுவுக்குப் பலமே இல்லை, ஆகவே காற்று இல்லாத நாளில் மிக மிக லேசாக வைக்கலாம். விரல் நீளச் சின்னமீனை உயிரோடு கோர்த்தால் அது துள்ளித் துள்ளி நூலை எடுக்கும், அதனால் ஒரு கால் சுற்று இறுக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? இரையை விட்ட பிறகு ஸ்பூலைக் கவனியுங்கள், இரை ஓடும்போது ஸ்பூல் அசைந்தால் கொஞ்சம் இறுக்குங்கள், அசைவது நிற்கிற இடத்தில் விடுங்கள். அதற்கு மேல் ஒரு கிளிக் கூடக் கூட்டாதீர்கள். காற்று கூடினால் திருகை இறுக்குவதற்கு முன் தடியின் நுனியைத் தாழ்த்தி, நூல் தண்ணீருக்குள் அமிழ்கிற மாதிரி வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மிகவும் தளர்த்தி வைப்பதும் பிழைதான். மீன் வேகமாக ஓடி திடீரென்று நிற்கும், ஆனால் ஸ்பூல் அந்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், நூல் வெளியே போகாமல் தளர்ந்து வளையமாக விழும், சில நேரம் ஸ்பூலுக்கு அடியில் போய்த் தண்டைச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சிக்கை எடுப்பதற்குள் மீன் இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும். ஓட்டம் தொடங்கியதும் ஒரு விரலை ஸ்பூலின் விளிம்பில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டால் இது நடக்காது.

அதேபோல் முன்டிராக். எங்கள் லயத்துத் தம்பி ஒருவன் என் ரீலை வாங்கிப் பார்த்தான். லீவர் தட்டியபடி இருப்பதைக் கவனிக்காமல் நூலை இழுத்துப் பார்த்திருக்கிறான், லேசாக வருகிறது, டிராக் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து முன்திருகை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டான். பத்து நிமிடத்தில் நல்ல மீன் ஒன்று எடுத்தது. கைப்பிடியைச் சுற்றினான், லீவர் விழுந்தது, டப் என்று தங்கூசி அறுந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. அவன் மேல் பிழை இல்லை, லீவர் போட்டிருக்கும்போது முன்திருகு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஆகவே முதலில் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு முன்டிராக்கை வையுங்கள். 12 இறாத்தல் (பவுண்ட்) தங்கூசி என்றால் 3 முதல் 4 இறாத்தல் இழுப்புக்கு ஸ்பூல் வழுக்க வேண்டும், அதாவது நூல் தாங்கும் பலத்தில் காற்பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. கொளுவித் தராசு ஒன்றை நூலில் மாட்டி இழுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பிறகு அதைத் தொடவே வேண்டாம், லீவரைப் போட்டுப் பின்திருகோடு மட்டும் விளையாடுங்கள்.

ரீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈயம் சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். ஈயத்தை நூலில் இறுக்கிக் கட்டியிருந்தால் மீன் இழுக்கும்போது முதலில் ஈயத்தின் கனம்தான் அதன் வாய்க்குத் தெரியும், பின்னால் ஸ்பூல் எவ்வளவு சுதந்திரமாகச் சுற்றினாலும் அதற்கு என்ன? நடுவில் துளை உள்ள ஈயத்தைத் தங்கூசியில் கோர்த்து, சுவிவெல் என்ற சுழலும் இணைப்பு ஒன்றால் நிறுத்தி, அதற்குக் கீழே ஒன்றரை அடி தனி நூலில் முள்ளைக் கட்டுங்கள். ஈயம் தரையில் கிடக்கும், நூல் அதன் துளைக்குள்ளால் ஓடும். தடியையும் வானத்தைப் பார்த்து நிறுத்தாமல் நூல் போகிற திசைக்கே நீட்டி வையுங்கள், வளையங்களில் நூல் மடங்கி உராய்வது குறையும்.

மீன் எடுத்த பிறகு எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. மீனுக்கு மீன் மாறும். நான் சொல்வது எங்கள் தண்ணீரில் நான் கண்டது.

கார்ப் உறிஞ்சி எடுக்கும், பிடிக்காவிட்டால் ஊதித் துப்பும். முள் உதட்டில் குத்திய உணர்வு வந்ததும்தான் அது வெருண்டு நேரே ஓடும். ஆகவே கிளிக்கர் தொடர்ந்து பாடினால் காத்திருக்க ஒன்றும் இல்லை, தடியை எடுங்கள். விட்டு விட்டு ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்றால் இன்னும் ருசி பார்க்கிறது, தொடாதீர்கள். எங்கள் பக்கத்து இரண்டு நீர்த்தேக்கத்திலும், காசல்ரீயிலும் மவுஸ்ஸாக்கலையிலும், இன்னொரு கணக்கும் இருக்கிறது. காசல்ரீ கெஹெல்கமு ஓயாவை மறித்தது, மவுஸ்ஸாக்கலை மஸ்கெலி ஓயாவை மறித்தது, இரண்டும் 1960களில் கட்டியவை. தண்ணீர் ஏறிய நிலம் வெறும் நிலம் இல்லை. மாசி, பங்குனியில் மவுஸ்ஸாக்கலை வற்றும்போது, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரிவதை எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள், நான் அதோடு சேர்த்துக் கரைச்சரிவுகளையும் பார்ப்பேன், எந்த இடத்தில் மரக்கட்டை நிற்கிறது, எங்கே பழைய தேயிலைத் தூர் இருக்கிறது, எங்கே கல்கட்டு ஓடுகிறது என்று. மழை வந்து தண்ணீர் ஏறிய பிறகு அந்த இடங்களில் மீனை இருபது அடி ஓடவிட்டால் கட்டைக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், அப்புறம் மீனும் இல்லை, நூலும் இல்லை. அப்படிப்பட்ட கரையில் பின்திருகைக் கொஞ்சம் இறுக்கி வைத்து, முதல் ஓட்டத்திலேயே எடுத்துவிடுவேன். தட்டையான மண்கரையில்தான் முழுச் சுதந்திரம்.

விரால் வேறு ரகம். எங்கள் உயரத்துக்கு அதைத் தேடி நான் போவதில்லை, கண்டிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அங்கே வயலோரக் குளத்தில் போடுவேன். சின்னமீனைக் குறுக்கே கவ்விக்கொண்டு கொஞ்சத் தூரம் போய் நிற்கும், தலைப்பக்கம் திருப்பி விழுங்கும், மறுபடி நகரும். அந்த இரண்டாவது நகர்வுதான் நமக்கு. முதல் ஓட்டத்தில் இழுத்தால் சின்னமீன் கடிபட்டுத் திரும்பி வரும், விரால் வராது. தாமரைக்கொடி நெருக்கமாக இருந்தால் இந்தப் பொறுமைக்கும் இடமில்லை. சிவப்பு நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் அந்த இடத்தில் தூண்டில் போடவே வேண்டாம். தாயும் தகப்பனும் கீழே காவல் இருக்கும், அவை போனால் அத்தனை குஞ்சும் போகும்.

காத்திருக்கும் நேரம் கூடக்கூட முள் தொண்டைக்குப் போகும் ஆபத்தும் கூடும். இந்த ரீலைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே மனக்கஷ்டம் இதுதான். அதற்காகத்தான் உள்வளைந்த முள்ளுக்கு, அதாவது சர்க்கிள் ஹுக்குக்கு, மாறினேன். அதன் கூர் உள்ளே திரும்பி இருப்பதால் தொண்டையில் பிடிக்காமல் வழுக்கி வந்து பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டும். ஒரே நிபந்தனை, தடியை வெட்டி இழுக்கக்கூடாது. மீனை நோக்கித் தடியை நீட்டி, கைப்பிடியை நிதானமாகச் சுற்றுங்கள், லீவர் விழும், நூல் மெல்ல மெல்ல இறுகும், கனம் ஏறும், அப்போது தடியைத் தூக்கினால் போதும். தாத்தாவும் இதையேதான் செய்தார், கையால். சாதாரண முள் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே எடுங்கள். சின்ன மீனைத் திருப்பி விடுகிறவர்களுக்கு இது முக்கியம், தொண்டையில் முள் ஏறிய மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது கஷ்டம்.

திருகோணமலையில் மாமாவின் படகில் ஒருமுறை போனபோதுதான் இந்த ரீல் உண்மையில் என்ன செய்யும் என்று பார்த்தேன். உயிரோடு இருக்கிற சூடை மீனைக் கோர்த்து, தடியைப் படகின் ஓரக் குழாயில் செருகி, லீவரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். முதலில் சூடை பதறியது, தடியின் நுனி நடுங்கியது, ஸ்பூல் இரண்டு கிளிக் போனது. "பாருங்க மருமகன், ஏதோ துரத்துது" என்றார் மாமா. அடுத்த நிமிடம் பாரை எடுத்தது. நன்னீரில் நான் கேட்டது கிளிக் கிளிக், அங்கே கேட்டது ஒரே நீண்ட அலறல். லீவர் இல்லாத ரீலாக இருந்தால் அந்த முதல் இழுப்பிலேயே நூல் அறுந்திருக்கும் அல்லது தடி போயிருக்கும். கடலுக்கு 6000, 8000 இலக்க ரீல்களைத்தான் பாவிக்கிறார்கள். எங்கள் நீர்த்தேக்கங்களுக்கு 4000 தாராளம், அதைவிடப் பெரியதை வாங்கி நாள் முழுக்கக் கையில் சுமக்காதீர்கள். இந்த ரீல்கள் உள்ளே கூடுதல் பாகம் இருப்பதால் சாதாரண ரீலைவிடக் கனமாகத்தான் இருக்கும், எறிந்து எறிந்து இழுக்கிற பொய்யிரை வேலைக்கு இவை சரிவராது. தோட்டத்துரைமார் காலத்தில் கொண்டுவந்த டிரவுட் மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது ஈத்தூண்டில், அதாவது ஈ போலச் செய்த பொய்யிரையால் பிடிக்கிற உலகம்.

இரை பற்றி இரண்டு சொல். புழு எங்கள் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் தோண்டினால் போதும். தவளையை நான் பாவிப்பதில்லை. நம் மலைகளில் இருக்கிற தவளைகளில் பல உலகத்தில் வேறு எங்குமே இல்லாதவை, எது எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாதபோது முள்ளில் கோர்க்க மனம் வராது. சின்னமீன் என்றால் எந்தத் தண்ணீரில் போடுகிறீர்களோ அதே தண்ணீரில் பிடியுங்கள். ஒரு குளத்து மீனை வாளியில் கொண்டுபோய் இன்னொரு ஓடையில் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். திலாப்பியா 1952இல் நாட்டுக்குள் வந்த மீன், இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது. ஒரு வாளியில் இருந்து ஒரு மீன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் முன்திருகையும் பின்திருகையும் தளர்த்தி வையுங்கள், இறுக்கியபடி விட்டால் உள்ளே தட்டுகள் அமுங்கி, அடுத்த முறை வழுக்காமல் இடறும். ஈரத்துணியால் துடையுங்கள், ஓடுகிற குழாயில் பிடித்துத் தண்ணீரை உள்ளே அடிக்காதீர்கள். பழைய ரீல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: லீவரைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு முறையும் அது சுத்தமாக விழுகிறதா என்று ஒரு இருபது தடவை சோதியுங்கள். இடையில் ஒரு தடவை விழாமல் நின்றாலும் அந்த ரீல் வேண்டாம், அந்த ஒரு தடவை பெரிய மீன் மாட்டுகிற தடவையாக இருக்கலாம்.

தாத்தாவின் பால்டின் இப்போதும் வீட்டில் இருக்கிறது, அடி கொஞ்சம் துருப்பிடித்துவிட்டது. மகளுக்கு ஏழு வயது. போன ஞாயிறு காசல்ரீக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ரீலை அவளிடம் கொடுக்கவில்லை, டப்பாவைத்தான் கொடுத்தேன், கல்லை எப்படி வைப்பது என்று காட்டினேன். முதல் கல் பெரிதாகிவிட்டது, அவளே தூக்கி எறிந்துவிட்டுச் சின்னதாக ஒன்று தேடப் போனாள்.